துன்பத்தில் துதி: யார் பாடுவது, யாருக்காக?

மேடக் பேராலயத்தின் கட்டுமானம் தொடங்கிய ஆண்டு 1914. பிரதிஷ்டை நடந்தது 1924 டிசம்பர் 25 அன்று. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் முதல் உலகப் போர் வந்து போனது. 1918இல் பரவிய விஷக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் பலிகொண்டது. நிஜாம் ஆட்சியிலிருந்த தெலங்கானாக் கிராமங்களில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. ஹைதராபாத்துக்கு வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேடக்கில் அப்போது ஊழியம் செய்தவர் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரி சார்லஸ் வாக்கர் பாஸ்நெட். 1895இல் சிக்கந்தராபாத்துக்கு வந்து, பிரிட்டிஷ் படைவீரர்களிடையே சில காலம் பணியாற்றிவிட்டு, கிராமங்களைத் தேடிப் போனவர். பசியோடு வந்தவர்களுக்கு அவர் வேலை கொடுத்தார். வேலைக்குச் சாப்பாடும் கூலியும் கொடுத்தார். அந்த வேலைதான் இன்று 175 அடிக் கோபுரத்தோடு நிற்கும் ஆலயம். உள்ளே சுமார் ஐயாயிரம் பேருக்கு இடமுண்டு.

சோற்றுக்கே வழியில்லாத காலத்தில் கடவுளைத் துதிக்க இத்தனை பெரிய வீடா என்று இன்றைக்கும் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் துதியின் வீட்டைக் கட்டியதால்தான் அங்கே அடுப்பு எரிந்தது. கல் சுமந்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தவர்கள். எந்தக் கோயிலின் உள்மண்டபத்திலும் கால்வைக்க அனுமதிக்கப்படாதவர்கள். அவர்கள் கட்டிய மண்டபத்தில் அவர்களே உட்கார்ந்து பாடினார்கள். துன்பகாலத்துத் துதியைப் பற்றிக் கிறிஸ்தவ உலகம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசிவந்திருக்கிறது. அந்தப் பேச்சை எடைபோட மேடக் நமக்கு ஓர் அளவுகோல் தருகிறது: பாடச் சொன்ன அதே கை சோறும் போட்டதா?

இந்தக் கதையில் தமிழருக்கும் பங்குண்டு. 1806இல் உருவான சிக்கந்தராபாத் படைமுகாமுக்குச் சென்னைப் படைப்பிரிவுகளோடு ஏராளமான தமிழர்கள் வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே தமிழில் ஆராதனை நடந்தது. இன்றும் சிக்கந்தராபாத்தில் ஞாயிறு காலைகளில் தமிழ்க் கீர்த்தனை கேட்கலாம். அதைவிடப் பெரிய பங்கு வேதநாயகம் சாமுவேல் அசரியாவுடையது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1909இல் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணகல்லுக்கு மிஷனரியாகப் போய்த் தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவருடைய சபை மக்களும் மாலா, மாதிகா என்ற தலித் சாதிகளின் கூலிக் குடும்பங்கள்தான். அவர்களுக்குத் தெலுங்குக் கீர்த்தனை மெட்டுகளில் பாடக் கற்றுக்கொடுத்தார். கூடவே பள்ளிக்கூடம் வைத்தார். இந்தியக் கோயில் தூண்களும் இஸ்லாமியக் குவிமாடங்களும் கலந்த தோர்ணகல் பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டையானது. பாஸ்நெட்டைப் போலவே அசரியாவுக்கும் பாட்டும் வயிற்றுப்பாடும் இரண்டு வேலைகளாகத் தோன்றவில்லை.

சரி, வேதம் என்ன சொல்கிறது? துன்பத்தில் துதிக்கச் சொல்லும் இடங்கள் பிரசங்கிமாருக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் இழந்த அன்றே தரையில் விழுந்து கடவுளின் நாமத்தை வாழ்த்திய யோபு. அத்திமரமும் திராட்சைக்கொடியும் ஏமாற்றி, தொழுவம் காலியாகக் கிடந்தாலும் கர்த்தருக்குள் களிகூருவேன் என்ற ஆபகூக். போர்முனையில் படைக்கு முன்னால் பாடகரை நிறுத்திய யோசபாத். பிலிப்பி சிறையில் நடுராத்திரி பாடிய பவுலும் சீலாவும். எபிரெயர் நிருபம் துதியை உதடுகள் செலுத்தும் பலி என்றே பேசுகிறது. பலி என்றால் கையில் உபரியாக இருப்பதைக் கொடுப்பதில்லை, வலிக்கிறதைக் கொடுப்பது. ஆகவே துன்பத்தில் துதி என்பது கிறிஸ்தவத்தின் ஓரத்தில் வளர்ந்த பழக்கமன்று. சிலுவையில் தொங்கிய இயேசுவின் வாயிலிருந்தே 22ஆம் சங்கீதத்தின் முதல் கதறல் வந்தது. அந்தச் சங்கீதம் முடிவதோ சபை நடுவில் துதியோடு.

ஆனால் யோபுவை நாம் பாதியிலேயே விட்டுவிடுகிறோம். முதல் அதிகாரத்தில் கடவுளை வாழ்த்தியவர், மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். பிறகு இருபதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களுக்கு அவருக்கும் நண்பர்களுக்கும் வழக்கு. நண்பர்கள் மூவரும் கடவுளுக்காக வாதாடுகிறார்கள், அழகான இறையியல் பேசுகிறார்கள். யோபு கடவுளை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கிறார். கடைசியில் தீர்ப்பு யாருக்குச் சாதகம்? யோபுவைப் போல நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே கோபிக்கிறார். தம் பக்கம் நின்று வாதாடியவர்களைக் குற்றவாளிகளாக்கி, தம்மிடம் மல்லுக்கு நின்றவரை நியாயவானாக்குகிறார். ஒன்றாம் அதிகாரத்தை மட்டும் எடுத்து, மகனைப் பறிகொடுத்த தாயின் வீட்டு முற்றத்தில் நின்று பிரசங்கிக்கிறவர், தம்மை அறியாமலே அந்த நண்பர்கள் உட்கார்ந்த இடத்தில் போய் உட்காருகிறார்.

சங்கீதப் புத்தகமும் அப்படித்தான். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள், புலம்பல்கள். எதுவரைக்கும் என்று கேட்பவை, ஏன் தூங்குகிறீர் என்று கடவுளைத் தட்டியெழுப்புபவை. இந்தப் புத்தகத்துக்கு எபிரேய மரபு வைத்த பெயரோ துதிகள் என்பதுதான். இஸ்ரவேலர் முறையீட்டையும் துதிக் கணக்கிலேயே சேர்த்தார்கள். ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் வெஸ்டர்மன் இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதியாக இருந்த காலத்தில் சங்கீதங்களைப் படித்துச் சிந்தித்தவர். புலம்பல் சங்கீதங்கள் ஏறக்குறைய எல்லாமே துதியை நோக்கித் திரும்புகின்றன, அந்தத் திருப்பமே சங்கீதங்களின் உயிர் என்று அவர் காட்டினார். திரும்பாத ஒன்று 88ஆம் சங்கீதம். அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் யாரும் அதற்கு ஒரு நல்ல முடிவைத் தைத்துச் சேர்க்கவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

அமெரிக்க வேத அறிஞர் வால்டர் புரூகமன் 1986இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விவாதத்தின் திசையையே மாற்றியது. நவீனத் திருச்சபை புலம்பலைத் தொலைத்துவிட்டது, அதற்குக் கொடுத்த விலை அதிகம் என்றார் அவர். முறையிட முடியாத மனிதனுக்கும் கடவுளுக்கும் உறவு இருக்காது, முகத்துதிதான் மிஞ்சும். இன்னொன்றும் சொன்னார்: கடவுளிடமே நியாயம் கேட்கப் பழகாத சபை அரசனிடமும் கேட்காது. எல்லாம் நன்மைக்கே என்று பாடிப் பழகிய வாய், அநியாயத்தைப் பார்த்தும் அதையேதான் பாடும். இந்தக் குற்றச்சாட்டு நம்மூர்ச் சபைகளைத்தான் நேராகச் சுடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

நம் சபைகளில் துன்பத்தில் துதி என்ற போதனை இன்றைய உருவத்தை எடுத்ததற்கு வேறு ஊற்றுகளும் உண்டு. அமெரிக்க ராணுவத்தில் குருவானவராக இருந்த மெர்லின் கரோதர்ஸ் 1970இல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். தம் சிறை நாட்களிலிருந்து துதிக்கு வந்த கதை அது. துன்பத்தின் நடுவில் மட்டுமல்ல, துன்பத்துக்காகவே, அந்த விபத்துக்காகவே, அந்த நோய்க்காகவே கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்பது அதன் சாரம். உலகெங்கும் லட்சக்கணக்கில் விற்றது; பெந்தெகொஸ்தே, காரிஸ்மாட்டிக் வட்டாரங்கள் வழியே அதன் கருத்து இங்கேயும் வேர்விட்டது. தமிழ்நாட்டில் இதற்கு முன்னும் பின்னும் தனியாக வளர்ந்த பழக்கம் ஒன்றும் உண்டு. கடவுளின் நாமங்களையும் செயல்களையும் வரிசையாக அடுக்கி ஸ்தோத்திரம் சொல்லும் சிறு நூல்கள், ஆயிரம் ஸ்தோத்திரம் வரை நீள்பவை, எத்தனையோ வீடுகளில் வேதாகமத்துக்குள் செருகியிருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அதைச் சொல்லி முடித்துவிட்டு அடுப்படிக்குப் போகும் பெண்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். குடிகாரக் கணவன், கட்ட முடியாத கடன், வேலை கிடைக்காத மகன் என்று ஆயிரம் கவலைக்கு ஆயிரம் ஸ்தோத்திரம். அந்தப் பெண்களை நான் மதிக்கிறேன். அவர்களைத் தாங்கியது அந்த ஒரு மணி நேரம்தான்.

அவர்கள் சொல்வதும் கரோதர்ஸ் சொன்னதும் ஒன்றில்லை. அந்தப் பெண் கடவுளைத்தான் துதிக்கிறாள். கணவனின் குடியைத் துதிக்கவில்லை. தீமைக்காகவே நன்றி சொல் என்று போதிக்கும்போது தீமை கடவுளின் பரிசாகிவிடுகிறது, அதைச் செய்தவன் கடவுளின் கருவியாகிவிடுகிறான். இங்கே பவுலின் நிருபங்களைக் காட்டுவார்கள். எபேசியருக்கு அவர் எழுதியது எல்லாவற்றுக்காகவும் நன்றி சொல்லத்தானே என்பார்கள். பவுல் அதை எழுதியது பாட்டும் கீர்த்தனையுமாகக் கூடியிருக்கும் சபைக்கு. மகனைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் தனியாகச் சொல்லிய ஆலோசனை அல்ல அது. கொரிந்தியருக்கு எழுதும்போது தாம் பட்ட அடிகளையும் கப்பற்சேதங்களையும் அவரே எண்ணிக்கை போட்டுச் சொல்கிறார். முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் கெஞ்சியதையும் மறைக்கவில்லை. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். சாவைக் கடைசிச் சத்துரு என்றே பவுல் அழைக்கிறார். சத்துருவுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

மீண்டும் ஹைதராபாத்துக்கு வருவோம். அங்கே சபையாகக் கூடித் துதிக்கும் மரபுக்கு ஆழமான தடம் போட்டவர் பக்த் சிங். 1903இல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள பஞ்சாப் பகுதியில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, பொறியியல் படிக்க லண்டனுக்கும் கனடாவுக்கும் போய், 1929இல் விசுவாசத்துக்கு வந்தவர். 1933இல் இந்தியா திரும்பினார். சென்னைக்காரர்களுக்கு அவர் பெயர் புதிதில்லை. பல்லாவரம் மலையில் நண்பர்களோடு இராமுழுக்க ஜெபித்துவிட்டு, 1941இல் யெகோவா ஷம்மா சபையைத் தொடங்கினார். 1950இல் ஹைதராபாத்தின் கோல்கொண்டா கிராஸ் ரோட்ஸில் ஹெப்ரோன் சபை உருவானது. அதுவே அவருடைய இருப்பிடமாகவும், நூற்றுக்கணக்கான சபைகளின் நடுமையமாகவும் ஆனது.

ஹெப்ரோனின் ஞாயிறு ஆராதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் துதியை ஒரு சபை எப்படிப் பொதுச்சொத்தாக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று. நாற்காலி, பெஞ்சு இல்லை; ஆண்கள் ஒருபக்கம் பெண்கள் ஒருபக்கம் பாயில் உட்காருவார்கள். ராகம், தாளம் எல்லாம் நம் நாட்டுப் பாணி. திருவிருந்துக்கு முந்தைய துதி நேரத்தில் மேடைக்காரர் ஒருவரே முன்னின்று நடத்துவதில்லை. யார் உள்ளத்தில் எழுகிறதோ அவர் எழுந்து துதித்து ஜெபிக்கலாம். சம்பளம் வாங்கும் குமாஸ்தாவும் மூட்டை தூக்குபவரும். மணிக்கணக்காக ஆராதனை நீளும். முடிந்ததும் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பாடு. ஆண்டுதோறும் நடக்கும் பரிசுத்த சபைக் கூடுகையில் ஆயிரக்கணக்கானவர் வந்து பந்தலில் தங்கி, ஒன்றாகச் சமைத்ததை ஒன்றாக உண்டு, வசன அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நகரத்துத் தெருக்களில் பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். ஐம்பதுகளின் ஹைதராபாத்தில், பல சாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்த உணவை நான் துதியின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறேன். சாப்பாடு இல்லாமல் அந்தப் பாட்டைத் தனியாக எடுத்துக்கொண்டால் பாதிதான் கையில் வரும்.

பக்த் சிங் தம் கடைசி ஆண்டுகளைப் பார்க்கின்சன் நோயோடு கழித்தார். லட்சக்கணக்கானவரைப் பாட வைத்தவருடைய உடம்பு மெல்ல மெல்ல அசைவை இழந்தது. 2000 செப்டம்பர் 17 அன்று ஹெப்ரோனிலேயே காலமானார். இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம் பாடிக்கொண்டு நடந்தது. அந்த நோய் ஏன் குணமாகவில்லை என்ற கேள்விக்கு அவருடைய சீடர்கள் விடைகட்ட முயலவில்லை. அவரைக் கவனித்துக்கொண்டார்கள்.

இன்றைய ஹைதராபாத் வேறு. 2005இல் பி. சதீஷ் குமார் தொடங்கிய கல்வாரி டெம்பிள் நாட்டின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. பல வேளை ஆராதனை, தொலைக்காட்சி, யூடியூப். நகரத்தின் குறுக்கும் நெடுக்கும் வீட்டு மாடிகளிலும் வாடகைக் கூடங்களிலும் சிறு சபைகள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம். கிராமத்தை விட்டுக் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த குடும்பங்களுக்கு அந்தச் சின்னக் கூடமே சொந்த ஊர். கீபோர்டும் டிரம்ஸும் அதிர, கண்ணீர் வழிய, கையுயர்த்திப் பாடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்து மிகையுணர்ச்சி என்று ஒதுக்குகிறவர்கள் அங்கே பாடும் ஒரு வீட்டுவேலைப் பெண்ணின் வாரத்தை நினைத்துப் பார்க்கட்டும். ஆறு நாளும் அடுத்தவர் வீட்டில் குரல் தாழ்த்திப் பேசுகிறவள் ஏழாம் நாள் உரத்த குரலில் பேசும் ஒரே இடம் அது.

சிக்கல் சாட்சி சொல்லும் நேரத்தில் தொடங்குகிறது. குணமானவர் மேடையேறுகிறார், வேலை கிடைத்தவர் ஏறுகிறார், குழந்தை பிறந்தவர் ஏறுகிறார். மூன்று வருடமாகக் காத்திருப்பவருக்கு அங்கே பேச ஒன்றுமில்லை. நீ முழு மனதோடு துதிக்கவில்லை, அதனால்தான் கதவு திறக்கவில்லை என்று யாராவது அவரிடம் சொல்லிவிடுவார்கள், அன்பாகவே. யோசபாத்தின் போரையும் பிலிப்பியின் பூகம்பத்தையும் சான்றுக்கு இழுப்பார்கள். பவுலும் சீலாவும் பூகம்பம் வரும் என்று தெரிந்து பாடவில்லை. முதுகில் ரத்தம் காயாமல், கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, விடிந்தால் என்ன என்று தெரியாமல் பாடினார்கள். துதியைக் கதவு திறக்கும் சாவியாக விற்கும்போது அது பலியாக இருப்பதில்லை, பேரமாகிவிடுகிறது. மனச்சோர்வு நோயை விசுவாசக் குறைவு என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்வது அதைவிடக் கொடுமை. துதி மருந்துக்கு எதிரி என்று வேதத்தில் எங்கும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளை எழுதியதாக மரபு சொல்லும் லூக்கா வைத்தியர்.

பிலிப்பிக் கதைக்கு மறுநாள் காலையும் உண்டு. அதைப் பற்றி அநேகமாக யாரும் பிரசங்கிப்பதில்லை. அதிகாரிகள் ஆளனுப்பி இவர்களைச் சத்தமில்லாமல் விடுதலை செய்யச் சொல்கிறார்கள். பவுல் மறுக்கிறார். விசாரணையில்லாமல் ரோமக் குடிமக்களைப் பகிரங்கமாக அடித்தீர்கள், இப்போது ரகசியமாக அனுப்புகிறீர்களா, நீங்களே வந்து வெளியே கூட்டிப்போங்கள் என்று உரிமையைக் கேட்கிறார். அதிகாரிகள் வந்து கெஞ்சுகிறார்கள். இரவு பாடியவர்தான் காலையில் சட்டம் பேசினார். இரண்டும் ஒரே விசுவாசம்.

தலித் இறையியல் நம்மிடம் கேட்பது இந்தக் காலைநேரத்தைத்தான். இறையியலாளர் அரவிந்த் நிர்மல் எண்பதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் இந்தப் பேச்சைத் தொடங்கினார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற பெயரில் அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் ஆராதனை முறையையே எழுதினார். ஆலயத்துக்குள் வரக்கூடாதென்றிருந்த பறையை உள்ளே கொண்டுவந்தார். ஒன்றாகப் பகிர்ந்து உண்பதே நற்கருணையின் பொருள் என்று பாட்டாகவே கற்பித்தார். அவருடைய பாடல்களில் துதி இருக்கிறது, கோபமும் இருக்கிறது. தெலங்கானாவில் இந்தக் கோபத்துக்கு எழுத்திலுள்ள காரணம் உண்டு. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலின் சி பிரிவில் ஒரு சதவீத ஒதுக்கீட்டோடு நிற்கிறார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத்தைப் பாராமல் உரிமை தரப் பரிந்துரைத்தது, 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. சபைகள் பல ஆகஸ்ட் 10ஐக் கருப்பு நாளாக நினைவுகூர்கின்றன. ஞாயிற்றுக்கிழமை துதியிலும் அந்த முறையீடு ஒலிக்க வேண்டும். சங்கீதக்காரர் அதை ஆராதனைக்கு வெளியே வைக்கவில்லையே.

தமிழருக்கு இதெல்லாம் அந்நியமான பேச்சன்று. நீற்றறைக்குள் தள்ளப்பட்ட அப்பர் அங்கே குளிர்ச்சியைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்லும். திருக்குறளில் இடுக்கணழியாமைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அதே சமயம் நம்மிடம் ஒப்பாரியும் இருந்தது. இழப்பை வாய்விட்டுச் சொல்ல, செத்தவரின் பெருமையையும் விட்டுப்போன குறையையும் ஊர் கேட்கப் பாட, அதற்கென்று தேர்ந்த பெண்கள் இருந்தார்கள். கிறிஸ்தவ வீட்டில் ஒப்பாரி கூடாது, நம்பிக்கையில்லாதவர் போல அழக்கூடாது என்று பல ஊர்களில் அதை நிறுத்தினார்கள். அந்த இடத்தில் நினைவு ஸ்தோத்திர ஆராதனை வந்தது. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைச் சாவு வீட்டில் பாடுவது உயர்ந்த காரியம். ஆனால் எரேமியா தீர்க்கதரிசி, சீயோனின் அழிவைப் பாடத் தேர்ந்த புலம்பற்காரிகளை அழைத்து வரச் சொன்னார். அவர்கள் தங்கள் மகள்களுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கட்டும் என்றார். நாம் நிறுத்தியது எரேமியா அழைத்ததை.

அகஸ்தீன் தம் தாய் மோனிக்கா 387இல் ஓஸ்தியாவில் இறந்ததை எழுதியிருக்கிறார். உடல் கிடத்தியிருக்க, நண்பர் எவோதியுஸ் சங்கீதப் புத்தகத்தை எடுத்துப் பாடத் தொடங்க, வீட்டார் எல்லாரும் சேர்ந்து பதில் பாடினார்கள். அகஸ்தீன் அழவில்லை, அழுவது விசுவாசத்துக்குத் தகாது என்று அடக்கினார். அடக்கம் முடிந்து, தூங்கி எழுந்து, தனியாக இருந்தபோது கடவுளின் முன் கண்ணீரை ஓடவிட்டார். அதைக் குற்றம் என்று சொல்கிறவர்கள் என்னைப் பரிகசிக்க வேண்டாம், எனக்காக அழட்டும் என்று கேட்டுக்கொண்டார். துதிக்கும் கண்ணீருக்கும் சண்டையில்லை என்பதைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் இத்தனை நேர்மையாக எழுதிவைத்திருக்கிறார். கடந்த நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் அதே பாதையில் நடந்தார். ரசிப்பு நிறைவடைவது துதியில்தான், ஆகவே துதிக்கச் சொல்லும் கடவுள் முகத்துதிக்கு ஏங்குகிறவரல்ல என்று 1958இல் சங்கீதங்களைப் பற்றிய நூலில் தெளிவாக விளக்கினார். 1960இல் மனைவி ஜாய் புற்றுநோயில் போனார். அடுத்த ஆண்டு வேறு பெயரில் அவர் வெளியிட்ட துக்கக் குறிப்புகளில் அந்தத் தெளிவு உடைந்து கிடக்கிறது. கதவு முகத்தில் சாத்தப்பட்டதாக உணர்கிறார். கடைசிப் பக்கங்களில்தான் துதிக்கு மீண்டும் வருகிறார், மெதுவாக, அவராகவே. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

தானாக எழும் துதிக்கு எதிரே நான் வாயடைத்து நிற்கிறேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சின்ன மகன்களும் வண்டிக்குள் எரிக்கப்பட்டார்கள். பாரிபதாவில் நடந்த அடக்க ஆராதனையில் அவருடைய மனைவி கிளாடிஸும் மகள் எஸ்தரும் எழுந்து நின்று உயிர்த்தெழுந்தவரைப் பற்றிய பாடலைப் பாடினார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாக கிளாடிஸ் சொன்னார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பாரிபதாவிலேயே இருந்து தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். அந்தப் பாட்டை யாரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை, மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது செத்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள். அந்தப் பெற்றோரில் பாடியவர்களும் உண்டு, பாட முடியாதவர்களும் உண்டு. பாட முடியாதவரின் விசுவாசத்தை அளக்க எனக்கோ, எந்தப் போதகருக்கோ உரிமை இல்லை.

துதிக்கும்படி வேதம் கட்டளையிடுகிறதே, அதை எப்படி எடுத்துக்கொள்வது? பெரும்பாலான இடங்களில் அந்தக் கட்டளை ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், ஹிட்லரின் ரகசியப் போலீஸ் தம் இறையியல் பள்ளியை மூடிய பிறகு எழுதி 1939இல் வெளியிட்ட நூலில் இதைத் தொட்டுக்காட்டினார். ஒரு சங்கீதம் இன்று என் வாயில் பொருந்தாமல் போகலாம். அதைச் சபை என்ற முழு உடல் ஜெபிக்கிறது, எனக்குப் பதில் இன்னொருவர் சொல்கிறார். இதை ஹைதராபாத்தின் சாவு வீடுகளில் நாள்தோறும் காணலாம். தெலுங்குச் சபையானாலும் தமிழ்ச் சபையானாலும் செய்தி தெரிந்த உடனே பாட்டுப் புத்தகத்தோடு பத்துப் பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இரவெல்லாம் பாடுவார்கள். ஒருவர் டீ போடுவார், ஒருவர் கல்லறைக்கு இடம் கேட்டு அலைவார், ஒருவர் ஆஸ்பத்திரிக் கணக்கை முடிப்பார். வீட்டுக்காரி சுவரில் சாய்ந்து சும்மா இருக்கலாம். அவளுக்குரிய துதியை அந்தப் பத்துப் பேர் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நல்ல வழக்கத்தை ஞாயிறு மேடைக்கும் கொண்டுவருவது பெரிய காரியமில்லை. 88ஆம் சங்கீதத்தை வருடத்தில் ஓரிரு தரமாவது சபையாக வாசிக்கலாம், அதன்மேல் உடனே ஒரு வெற்றிப் பாட்டைப் போட்டு மூடாமல். சாட்சி நேரத்தில் இன்னும் பதில் வராதவர்களுக்கும் ஓர் இடம் வைக்கலாம்: இன்னமும் காத்திருக்கிறேன், எனக்காக ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார. புதிதாகத் துக்கப்பட்டவர் கையில் மைக்கைத் திணிக்காமல் இருக்கலாம். காணிக்கையில் ஒரு பங்கைச் சபைக்குள் கடனில் மூழ்கும் குடும்பங்களுக்கும் மனநல சிகிச்சைக்கும் என்று ஒதுக்கலாம். பாஸ்நெட்டும் அசரியாவும் பக்த் சிங்கும் வெவ்வேறு சபை மரபுக்காரர்கள். மூவரின் ஆராதனைக்குப் பக்கத்திலும் ஒரு சமையல் பாத்திரமோ, ஒரு பள்ளிக்கூடமோ, ஒரு பந்தியோ இருந்தது. ஹைதராபாத்தில் இன்று ஒலிபெருக்கிக்குச் செலவு செய்யும் சபைகள் அந்தக் கணக்கையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.